சுற்றுலாவுக்கு மலை, லயத்துக்கு மண்சரிவு: ஜெயபுரம் கேட்க வேண்டிய கேள்வி

டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவே பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. வன்னியிலும் மன்னாரிலும் வெள்ளம் வயல்களையும் வீடுகளையும் மூடியது. அந்த நாட்களைத் தொடர்ந்து இரண்டு பேச்சுக்கள் சமாந்தரமாக எழுந்தன. ஒன்று, மலைநாட்டுச் சுற்றுலாவை எவ்வளவு விரைவாக மீட்டெடுப்பது என்பது. மற்றையது, மண்சரிவு அபாயத்தில் வாழும் மலையகத் தமிழரை வடக்கு கிழக்குக்கு அழைத்துக் குடியமர்த்தலாமா என்பது.

முதலாவது பேச்சு ஹோட்டல் உரிமையாளர்களுக்கும் அரசுக்கும் உரியது என்றும், இரண்டாவது அரசியல்வாதிகளுக்கு உரியது என்றும் நாம் விலகிப் போய்விட முடியாது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மலை யாருடையது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி கிளிநொச்சி மாவட்டத்தின் ஜெயபுரம் போன்ற ஊர்களுக்கு உண்டு. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

சமதரையில் ஒரு மலையக ஊர்

பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில், ஏ-32 வீதியை அண்டி இருக்கிறது ஜெயபுரம். 1983 இனவன்செயலை அடுத்து மலையகத்திலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் விரட்டப்பட்ட குடும்பங்கள் குடியமர்ந்த ஊர் அது. வன்னியில் இது தனி ஒரு ஊரின் கதை அல்ல. 1977 வன்செயலுக்குப் பின் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அவர்களுக்குத் துணை நின்ற காந்தீயம் அமைப்பு 1983இல் முடக்கப்பட்டது. அதன் முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் அதே ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ட், டொலர் பண்ணைகளில் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் அங்கிருந்தும் அகற்றப்பட்டன.

அதன் பின் வன்னி மக்கள் அனைவரும் கடந்த பாதையையே இவர்களும் கடந்தார்கள். 2008இல் பூநகரிப் பிரதேசம் வெறுமையானது. இடம்பெயர்வு முள்ளிவாய்க்கால்வரை நீண்டது. பிறகு மெனிக்பாம் முகாம். பிறகு கூரையில்லாத வளவுக்குத் திரும்புதல். ஒரு தலைமுறை மலையில் இழந்ததை அடுத்த தலைமுறை சமதரையில் இழந்தது.

இன்று இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காண்கிற மலையகம் வேறு. எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருகிறது. தேயிலைச் சரிவில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் படம் எடுக்கிறார். லிப்டன் இருக்கையிலிருந்து சூரிய உதயம். அந்தப் படங்களில் பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த லயன் அறை இருப்பதில்லை. இருந்தாலும் பின்னணியில், பச்சைக்குள் ஒரு தகரக் கூரையாகத்தான் தெரியும்.

யார் காட்சி, யார் கடை

மலைநாட்டுச் சுற்றுலா இன்று நாட்டின் பெரிய வருமான வழிகளில் ஒன்று. 2018இல் ஏறத்தாழ 23 லட்சத்து 34 ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல், கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று வீழ்ந்த அந்தத் தொகை, புயல் தாக்கிய 2025ஆம் ஆண்டில்கூட 2018ஐத் தாண்டியது. வருகிறவர்களில் பெரும்பகுதியினர் கண்டி, நுவரெலியா, எல்ல ஆகிய இடங்களில் ஏதாவது ஒன்றுக்கேனும் போகாமல் திரும்புவதில்லை.

அவர்கள் எதைப் பார்க்கப் போகிறார்கள்? ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலையும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் இயற்கை தந்தவை. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் அவை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் பயணி தன் கமராவில் அதிகம் கொண்டுபோவது தேயிலை மலையை. தேயிலை மலை இயற்கை தந்ததல்ல. காட்டை வெட்டி, கல்லைப் பெயர்த்து, கான் வெட்டி, சரிவு சரிவாகக் கன்று நட்டு உருவாக்கப்பட்ட வேலைத்தலம் அது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய பின் வந்தவர்களும் செய்த வேலை. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த பேரணி அந்தப் பாதையைத்தான் மீண்டும் மிதித்தது.

அந்த மலையில் உழைத்தவர்களின் சந்ததிக்கு இன்று கிடைப்பது என்ன? 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்றும், வரவுக்கான ஊக்குவிப்பாக அரசு 200 ரூபா சேர்த்து மொத்தம் 1,750 ரூபா கிடைக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே தோட்டத்தில் பெரிய துரை வாழ்ந்த பங்களா சொகுசு விடுதியாக மாறியிருந்தால், அங்கே ஓர் இரவுக்கான கட்டணம் பல நூறு டொலர். பங்களாவைத் துடைப்பவரும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும் அதே லயத்தைச் சேர்ந்தவர்கள். விருந்தினர் காலையில் எழுந்து யன்னலைத் திறக்கும்போது தெரிகிற காட்சி அவர்களுடைய வேலை. அந்தக் காட்சிக்கான கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

சுற்றுலாவால் தோட்ட இளைஞர்களுக்கு வேலையே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. முச்சக்கர வண்டி ஓட்டுபவர், வழிகாட்டி, சமையல் உதவியாளர், அறை சுத்தம் செய்பவர் என்று பலர் இருக்கிறார்கள். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போவதைவிட வீட்டுக்கு அருகில் வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் வேலை கிடைப்பதும் தொழில் நடத்துவதும் வேறு வேறு. தோட்ட மக்கள் ஏன் சொந்தமாகத் தங்குமிடம் நடத்துவதில்லை என்று கேட்டுப் பார்த்தால் எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும். அந்த இடம் காணி.

உறுதி இல்லாதவனிடம் விடுதி இல்லை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, நீண்டகாலக் குத்தகையாக மாறியது. வெள்ளைக்காரக் கம்பனி, அரசு, உள்ளூர்க் கம்பனி என்று கைமாறிய ஒவ்வொரு முறையும் காணி கைமாறியது. அதில் வாழ்ந்தவர்களின் கைக்கு மட்டும் வரவில்லை.

2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் ஆரம்பமானது. இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் சேர்ந்தன. தேவையோடு ஒப்பிட்டால் அது சிறு பகுதி. பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் தமக்கு உரிமையில்லாத இடத்தில்தான் வாழ்கின்றன.

காணி உறுதி இல்லையென்றால் வங்கி கடன் தராது. மேலதிகமாக ஓர் அறை கட்டத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். விடுதி ஒன்றைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியப் போனால் அந்த இடத்தின் மீது என்ன உரிமை இருக்கிறது என்று காட்ட வேண்டும். எல்லவில் சிங்களக் கிராமத்தவர் ஒருவர் தன் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு முன்னேறலாம். அடுத்த மலையில், அதைவிட அழகான காட்சியோடு வாழும் தோட்டக் குடும்பத்தால் அது முடியாது. இந்த வேறுபாட்டைச் சோம்பலாலோ கல்விக் குறைவாலோ விளக்க முடியாது. சட்டம்தான் அதை உருவாக்கியது.

வரியின் கதையும் இப்படித்தான். பதிவுசெய்யப்பட்ட சுற்றுலா நிறுவனங்கள் தம் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 1 வீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகச் செலுத்துகின்றன. அது கொழும்பில் உள்ள நிதியத்துக்குப் போகிறது. உள்ளூராட்சி சபைகளிடம் பணம் இருந்தாலும் அதைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவழிக்க 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது சுமார் 30 ஆண்டுகளாகச் சபைக்கு வாக்களித்த மக்களின் லயத்துக்கு அதே சபையால் ஒரு பாதை போடுவதுகூட எளிதாக இருக்கவில்லை.

மண் சரிகிற இடத்தில் யார் இருக்கிறார்கள்

2014 ஒக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு வெளியேற அந்த மக்களுக்கு வேறு காணி இருக்கவில்லை. டித்வாவின்போதும் இதே பிரச்சினை பல இடங்களில் எழுந்தது. வெளியேறுங்கள் என்ற அறிவிப்பு வந்தால் எங்கே போவது என்று அதே அறிவிப்பில் இருக்க வேண்டும்.

மலையில் சுற்றுலா பெருகும்போது இந்த ஆபத்தும் பெருகுகிறது. செங்குத்தான சரிவை வெட்டி ஹோட்டல் கட்டுகிறார்கள். வாகனத் தரிப்பிடத்துக்காக மண் நிரவுகிறார்கள். நீரோடையை மறித்து நீச்சல் தடாகம் அமைக்கிறார்கள். மழை நீர் தன் பழைய வழியை இழந்து புது வழி தேடுகிறது. அந்தப் புது வழியில் இருப்பது பெரும்பாலும் லயம். மேலே கட்டடம் கட்டியவர் காப்புறுதி வைத்திருப்பார். கீழே இருப்பவரிடம் அடையாள அட்டையும் ஒரு பெட்டித் துணியும் இருக்கும்.

டித்வாவுக்குப் பின் முழுமையாக அழிந்த வீட்டுக்கு 50 லட்சம் ரூபா வரையும், மாற்றுக் காணி வாங்க 50 லட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. பெரிய தொகைதான். ஆனால் லயன் அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர் சட்டப்படி எந்த வீட்டின் உரிமையாளர்? சுற்றிவரத் தோட்டக் காணியாக இருக்கும் இடத்தில் அவர் யாரிடம் காணி வாங்குவார்? உதவித் தொகை எவ்வளவு என்பதைவிட இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் என்ன பதில் இருக்கிறது என்பதைத்தான் மலையகப் பிரதிநிதிகள் பார்க்க வேண்டும்.

மற்ற மலைகள் சொல்வது

2002ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை மலைகளுக்கான ஆண்டாகவும் சூழல்சார் சுற்றுலாவுக்கான ஆண்டாகவும் ஒருங்கே அறிவித்தது. இப்போது 2023 முதல் 2027 வரையான காலத்தை மலைப் பிரதேசங்களின் அபிவிருத்திக்கான ஐந்து ஆண்டுகளாக அது பிரகடனப்படுத்தியுள்ளது. நிலைபேறான சுற்றுலா என்ற சொல் எல்லா அறிக்கைகளிலும் இருக்கிறது. நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பூட்டான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வழியைத் தெரிந்துகொண்டது. 2022இல் ஒரு பயணியிடம் நாளொன்றுக்கு 200 டொலர் அறவிட்டது. 2023இல் அதை 100 டொலராகக் குறைத்தது. நேபாளத்தில் 1986இல் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் மலையேறுபவர்களிடம் பெறும் நுழைவுக் கட்டணத்தை அந்தப் பிரதேசத்தின் பாதுகாப்புக்கும் கிராமங்களின் தேவைக்கும் செலவிடுகிறது. ஊரவர்களின் குழுக்களுக்கு அதில் இடமுண்டு. அங்கே கிராமத்தவரின் வீடுதான் தேநீர்க் கடையும் தங்குமிடமும். வீடு அவருடையது என்பதால் அது சாத்தியமாகிறது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2025 கோடை காலத்தில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எல்லை வகுத்தது. நெரிசல் குறைவதற்கு அது உதவலாம். ஆனால் அதே நீலகிரியில் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பப்பட்ட எமது மலையக உறவுகள் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்வுபெற்று, குடியிருப்பை விட்டுப் போகச் சொல்லும் அறிவிப்புகளோடு போராட வேண்டியிருந்தது. வாகனத்தை எண்ணுகிற கொள்கை மனிதரை எண்ண மறந்தால் இப்படித்தான் ஆகும்.

மூணாறு இன்னும் கூர்மையான பாடம். 2005இல் அங்குள்ள தோட்டங்கள் தொழிலாளர் பங்குடைமைக் கம்பனியாக மாறின. கேட்க அருமையான ஏற்பாடு. ஆனால் பத்து ஆண்டுகளில், 2015இல், போனஸ் குறைப்பை எதிர்த்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் கம்பனியையும் தொழிற்சங்கங்களையும் ஒருசேர எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அந்தப் போராட்டம் அறியப்பட்டது. பத்திரத்தில் பங்கு இருப்பது வேறு, முடிவெடுக்கும் மேசையில் இடம் இருப்பது வேறு என்று அவர்கள் காட்டினார்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் உறங்கிய 70 பேர் இறந்தார்கள். வரையாடு பார்க்கச் சுற்றுலாப் பேருந்துகள் போகும் இராஜமலையை அடுத்த இடம் அது. ஒரே மலையில் ஆட்டுக்குப் பாதுகாப்பு வலயம் இருந்தது. தொழிலாளிக்குத் தகரக் கூரைதான் இருந்தது.

வன்னிக்குத் தெரிந்த சுற்றுலா

இதையெல்லாம் வன்னி வாசகர்கள் தொலைதூரக் கதையாகப் படிக்கத் தேவையில்லை. 2009க்குப் பின் ஏ-9 வீதி வழியாகத் தெற்கிலிருந்து பேருந்துகள் வந்ததை நாம் கண்டோம். கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி ஒரு காட்சிப் பொருளானது. நந்திக்கடலோரத்தில் 2012இல் இராணுவத்தின் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. உறவுகளை இழந்தவர்கள் விளக்கேற்ற அனுமதி கேட்டு நின்ற அதே காலத்தில், அந்தக் கடலேரியைப் பார்த்தபடி மற்றவர்கள் விடுமுறை கழித்தார்கள்.

காணி யாரிடம் இருக்கிறதோ காட்சியும் அவரிடம்தான் என்ற பாடத்தை மலையகம் 200 ஆண்டுகளாகவும் வன்னி 2009 முதலும் படித்து வருகின்றன. பூநகரிக் கோட்டையும் கௌதாரிமுனை மணல் மேடுகளும் சங்குப்பிட்டிப் பாலத்துக்கு அப்பால் பயணிகளை ஈர்க்கக்கூடிய இடங்கள். நாளை அங்கே சுற்றுலாத் திட்டம் வரும்போது ஜெயபுரத்துப் பிள்ளைகள் வாயிலில் நிற்கும் காவலாளிகளாக இருப்பார்களா, திட்டத்தின் பங்காளிகளாக இருப்பார்களா என்பது இன்றே கேட்க வேண்டிய கேள்வி.

அழைப்பும் அதன் பொறுப்பும்

மலையக மக்களை வடக்குக்கு வாருங்கள் என்று அழைப்பது அன்பான செயல். ஆனால் ஏற்கனவே வந்தவர்களை எப்படி நடத்தினோம் என்ற கேள்விக்கு முகங்கொடுக்காமல் அந்த அழைப்பை விடுக்க முடியாது. வன்னியின் பல மலையகக் குடியிருப்புகளில் நீர்ப்பாசன வயல் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். கூலி வேலை, மேசன் வேலை, ஆடைத் தொழிற்சாலை என்று வாழ்க்கை ஓடுகிறது. குடியிருந்து பல பத்தாண்டுகளான பிறகும் காணிப் பத்திரத்துக்கு அலைவதும், பயிர் செய்த இடத்தில் வன இலாகாவின் எல்லைக் கல்லைக் காண்பதும் நடக்கின்றன. அவர்களை ‘தோட்டக்காட்டார்’ என்று குறிப்பிட்ட வாய்கள் சிங்களம் பேசுபவை மட்டுமல்ல. அது எமக்குள் பேசப்பட வேண்டிய விடயம்.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. மலையிலிருந்து மக்கள் இறங்கிவிட்டால் மலை காலியாகாது. அது சுற்றுலாவுக்குத் தயாராகும். கம்பனிகளுக்குத் தேயிலையின் இலாபம் குறைந்துவரும் காலத்தில், தோட்டக் காணியை ஹோட்டலுக்கும் ஏனைய வர்த்தகத்துக்கும் பயன்படுத்தும் ஆர்வம் அதிகரிக்கிறது. அப்படியிருக்க, மக்களின் பாதுகாப்பு என்ற பெயரில் அவர்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் நகர்ந்தால், 200 ஆண்டு உழைப்பின் உரிமைக் கோரிக்கையும் அவர்களோடு நகர்ந்துவிடும். நுவரெலியாவில் அவர்களுக்கு இருக்கும் வாக்குப் பலமும் கரையும். வர விரும்புகிறவர் வரட்டும். அவருக்கு வீட்டுக் காணியோடு நீர் பாயும் வயலும் பத்திரத்தோடு கிடைக்க வேண்டும். இருக்க விரும்புகிறவருக்கு அந்த மலையிலேயே பாதுகாப்பான சரிவில் காணி கிடைக்க வேண்டும். தெரிவு அவர்களுடையது.

மலைச் சுற்றுலாவிலும் கேட்க வேண்டியவை தெளிவானவை. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகச் செல்லும் பீக்கோ நடைபாதை இப்போது உலகப் பயணிகளை ஈர்க்கிறது. பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் உதவியோடு உருவானது அது. நடப்பவர்கள் தோட்டங்களின் ஊடாக, லயங்களுக்குப் பக்கத்தால் போகிறார்கள். பேருந்தில் வந்து போகிறவரைப் போலல்லாமல் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும், இரவு தங்க இடம் வேண்டும். தோட்டக் குடும்பம் ஒன்றுக்குத் தன் பெயரில் 10 பேர்ச் காணியும் ஒரு மேலதிக அறையும் இருந்தால், ரொட்டியும் சம்பலும் தேநீரும் கொடுத்தே ஒரு வருமானத்தை உருவாக்கிக்கொள்ளலாம். பாதை ஏற்கனவே போடப்பட்டிருக்கிறது. இல்லாதது காணி உறுதி மட்டுமே.

ஆகவே காணி உரிமை முதலில் வர வேண்டும். மலைநாட்டில் அறவிடப்படும் சுற்றுலா வரியின் ஒரு பகுதி அந்தந்தப் பிரதேசத் தோட்டக் குடியிருப்புகளுக்கு என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். சரிவில் புதிய ஹோட்டலுக்கு அனுமதி கொடுக்குமுன் அதன் கீழே வாழ்கிறவர்களின் கருத்து பதிவுசெய்யப்பட வேண்டும். தோட்டக் காணியைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அங்கு குடியிருப்பவர்களின் பங்கு என்ன என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பது சுற்றுலாவை எதிர்ப்பதாகாது.

இக்கோரிக்கைகளை மலையகக் கட்சிகள் மட்டும் தனியே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வாக்களிக்கிறவர்களில் ஜெயபுரம் மக்களும் இருக்கிறார்கள். அவர்களின் சொந்தங்கள் ஹற்றனிலும் பதுளையிலும் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலம் வருமுன் அந்த உறவுகளுக்குப் பாதுகாப்பான காணி கிடைத்ததா என்று தம் வாக்கைக் கேட்டு வருகிறவர்களிடம் ஜெயபுரம் கேட்கலாம். கேட்க வேண்டும்.